உன் வயலின் நிறம்

இன்று காலை தோவாளையில் பேருந்து நின்றதும் யாரோ பிச்சிப்பூ மூட்டையை என் காலடியில் ஏற்றிவைத்தார்கள். உன் தலையில் எப்போதும் இருக்கும் அந்த மணம் எழுந்ததும், பக்கத்து இருக்கையில் கிடந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், நீ வந்து உட்காரப்போவதுபோல. மேலே போய்ச் சேர்ந்த பிறகும் என்னைப் பாடாய்ப் படுத்துவதை நீ விடவில்லை.

இருபது ஆண்டு கழித்து எங்கே வீடு வரலாம், எங்கே நெல் விளைய வேண்டும் என்று இன்றைக்கே வரைபடத்தில் வண்ணமிடுவது நகரமைப்பு அலுவலகத்தில் நம் இருவருக்கும் வேலை. குடியிருப்புக்கு மஞ்சள், வயலுக்குப் பச்சை. "வெயில் காலத்துல வரையாதட்டி. கும்பப்பூ நெல்ல அறுத்துட்டா நாஞ்சில் நாடு முழுக்கத் தரிசாத்தான் தெரியும்" என்பாய். மழை பெய்து குளம் பெருகிய பிறகே என்னை இழுத்துக்கொண்டு கரையேறுவாய். சேற்றில் போன என் செருப்புகளுக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்படி நடந்து பார்த்துத்தான், குளத்துக்குக் கீழே உள்ள உன் குடும்பத்து வயலுக்கும் பச்சை போட்டாய். உன் அண்ணனுக்கோ அதை மனையாக்கி விற்க ஆசை. அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏட்டி, நமக்க வயலு மட்டும் மஞ்சளா இருந்தா என்ன?"

"அண்ணா, நாம மண்ணடிச்சு மேடாக்கினா தண்ணி எங்க போவும்? கீழ உள்ளவன் என்ன செய்வான்?" என்றாய்.

அதோடு பேச்சு நின்றது. மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் உன்னை அழைக்கவில்லை. அன்று மத்தியானம் சோற்றுப்பொதியைப் பிரித்தவள், "இந்நேரம் பந்தி போட்டிருப்பாவ, இல்லியா?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் கைகழுவப் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உன் தலை திரும்பும். கடைசிவரை அவர் வரவில்லை.

இப்போது அடுத்த திட்டம் தயாராகிறது. புதிதாக வந்தவர்கள் பங்குனி மாதத்துச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த உன் வயலைத் தரிசென்று நினைத்து மஞ்சளாக்கிவிட்டார்கள். வரைவுக்குப் பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்கும் நாள் இன்று. முதல் ஆளாக வந்து நின்றவர் உன் அண்ணன். நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். ஆசைப்பட்ட நிறம்தான் கிடைத்துவிட்டதே, இனியென்ன என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இது வயலு. தப்பாப் போட்டிருக்கிய. எனக்க தங்கச்சி போட்ட பச்சைய மாத்தாண்டாம். அப்படியே கெடக்கட்டு."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ என்னப் பத்தி எதாம் சொன்னாளா?" என்று கேட்டார்.

"வருவியளான்னு பாத்துக்கிட்டே இருந்தா" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வரைபடத்தில் அந்த வயலை இன்னொரு தடவை விரலால் தடவிவிட்டுப் படியிறங்கினார்.

நான் உன் மேசைப் பக்கம் திரும்பிவிட்டேன். "ஒனக்க அண்ணன் வந்தாவட்டி." வாய்வரைக்கும் வந்த அந்தச் சொல்லை, நீயில்லாமல் வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வீட்டுக்குச் சுமந்து வந்திருக்கிறேன்.