என் கணவர் சிலைக்கு விமானி உடுப்பு வேண்டாம்

அனுப்புநர்
வசந்தா, க/பெ. காலஞ்சென்ற முனுசாமி,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
எலவங்கண்டிகை, சத்தியவேடு மண்டலம்,
திருப்பதி மாவட்டம்.

பெறுநர்
மண்டல வளர்ச்சி அதிகாரி அவர்கள்,
சத்தியவேடு.

பொருள்: ஜனவரி 26 அன்று எங்கள் ஊரில் திறக்கவிருக்கும் என் கணவர் சிலையின் உடுப்பையும் கல்வெட்டு வாசகத்தையும் மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தெலுங்கிலும் என்னால் எழுத முடியும். ஆனால் கோபமும் பாசமும் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். தங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொண்டேன்.

1. என் கணவர் முனுசாமி விமானப்படையில் மெக்கானிக். 1971 போரின்போது, வடக்கே ஒரு விமான தளத்தில் விபத்தில் இறந்தார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இத்தனை காலம் கழித்து அவருக்குச் சிலை வைக்க ஊர் முன்வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். கமிட்டிப் பிள்ளைகள் வெயிலில் அலைந்து வேலை செய்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை, சிலைமேல்தான் குறை.

2. திருப்பதியில் சிலை செய்யும் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட், கண்ணில் கருப்புக் கண்ணாடி, முறுக்கிய மீசை, காலடியில் ஒரு போர் விமானம். அவரை விமானியாக்கிவிட்டார்கள். ஐயா, அவர் விமானத்தில் பறந்தது ஒரே தடவை. அதிலும் தன் தொப்பியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, இறங்கியதும் தரையைத் தொட்டுக் கும்பிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்காது.

3. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். அதுதான் அவர். லீவில் வந்தால் ஊரில் ஒரு ஆயில் என்ஜினையும் சும்மா விடமாட்டார். என் தாய்வீட்டு விருந்தன்றும் இலை போட்ட பிறகு கிணற்றடியிலிருந்துதான் அவரை இழுத்து வந்தோம். சீயக்காய் போட்டுக் கழுவினாலும் கையில் எண்ணெய் வாசனை போகாது. எனக்கு அது பிடிக்கும். தான் பார்த்து அனுப்பிய விமானம் திரும்பி இறங்கும்வரை தட்டைத் தொடமாட்டாராம். "அது வரட்டும், அப்புறம் துன்னுக்கலாம்" என்பாராம்.

4. கமிட்டித் தலைவர் தீனா என்னிடம் படித்த பையன். அவனிடம் முறையிட்டேன். "ஸ்பேனர் புடிச்சிக்கினு நின்னா யாரு ஆயா கும்புடுவாங்க?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பதில் வந்தது: நான் கும்பிடுவேன்.

5. உடுப்பைவிட மோசம் கல்வெட்டு. "பகைவர் குண்டுக்கு இரையானார்" என்று செதுக்கப் போகிறார்கள். நடந்தது அதுவல்ல. மூடுபனிக் காலையில், பின்னோக்கி வந்த எண்ணெய் லாரி அவர்மேல் ஏறியது. லாரியை ஓட்டியவர் அதே தளத்தில் வேலை செய்த, குப்பம் ஊர்க்காரர் நாகேந்திரன். என் கணவருக்கு உயிர் நண்பர். போர் முடிந்ததும் என் வீட்டு வாசலுக்கு வந்து, தன் வாயாலேயே என்னிடம் சொல்லி அழுதார். அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறு வருடம் திதிக்கு ராகி மூட்டையோடு வந்தார். சாப்பிடச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை.

6. திறப்பு விழாவுக்கு அவரையும் அழைத்திருக்கிறார்கள். குண்டு என்று எழுதினால் அவர் பெயரும் கெடாது என்கிறார் கமிட்டியில் ஒருவர். நல்லெண்ணம்தான். ஆனால் நாகேந்திரன் அதை என்னிடம் கேட்கவில்லை. குண்டு விழுந்து செத்தார் என்றால், அந்த மனிதர் இத்தனை வருடம் அழுதது எதற்காக? நான் மன்னித்தது எதை?

7. ஆகவே ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டுக் கையில் ஸ்குரூடிரைவர் கொடுக்கவும், "விமானப்படை மெக்கானிக் முனுசாமி, போர்க்காலத்தில் பணியின்போது விபத்தில் இறந்தார்" என்று கல்வெட்டில் எழுதவும் கமிட்டிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். மீசை இருக்கட்டும். அவருக்கு ரொம்ப ஆசை, முளைக்கத்தான் இல்லை.

மாற்ற முடியாதென்றால் திறப்பை நிறுத்திவையுங்கள். பட்டறையில் நிற்கிற அந்த விமானி யாரோ, நல்லவராகத்தான் இருப்பார். அவர் கழுத்தில் என் கையால் மாலை போட முடியாது, ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
வசந்தா முனுசாமி

இடம்: எலவங்கண்டிகை
நாள்: 6.1.2025

இணைப்பு: அவர் போட்டோ ஒன்று. சிற்பிக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தரவும். என்னிடம் வேறு இல்லை.