பிள்ளை பிறக்காத வீட்டில் பத்தியம்

அம்மா,

உங்களுக்கு எடுத்தது கர்ப்பப்பையை. பிள்ளை பிறக்கவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டேன், வீட்டில் இன்னும் நான் ஒருத்தன்தான். ஆனாலும் பாகான் செராயிலிருந்து வந்த அத்தை, "தண்ணி குடிச்சா தையல் புண்ணு ஆறாது லா" என்று பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம் சொல்ல, நீங்களும் நாலு நாள் தொண்டையை நனைத்ததோடு சரி. இப்போது மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல். அத்தைக்கு என் வாழ்த்துகள்.

தலைமாட்டில் இருக்கும் தண்ணீர்ப் போத்தல் நான் காலேஜிலிருந்து வருவதற்குள் காலியாக வேண்டும். சாப்பிட்டதும் மாத்திரை. சாவி பக்கத்து வீட்டு ஃபரீதா அக்காவிடம். அத்தை வந்தால் அக்காவே வாசல் கேட்டில் பேசி அனுப்பிவிடுவார்.

ஷர்வின்

பி.கு.: கழிவறைக்கு நான் உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஃபரீதா அக்காவிடம் சொன்னீர்களாம். உங்கள் மடியில் எத்தனை தடவை மூத்திரம் போயிருப்பேன். ஒரு நாளாவது வெட்கப்பட்டேனா?