எலிக்கு எடுக்கும் ஈசிஜி

சின்ன காஞ்சிபுரம்
18.7.2006

சௌபாக்கியவதி ஸிந்துஜாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மானஸாவும் சுகமென்று நம்புகிறேன், இங்கும் சுகம் என்று எழுத உட்கார்ந்தால் பாதிதான் எழுத வருகிறது. உன் தம்பி வைபவ் ஏகாதசியன்று வரதர் சன்னிதியில் விழுந்துவிட்டான். சடாரி சாதிக்க வந்த பட்டர் வழக்கம்போல, "பெருமாளுக்குக்கூடத் தலை குனியாதோடா நோக்கு?" என்றார், இவனும் வழக்கம்போல, "கழுத்துக்குக் கஞ்சி போட்டிருக்கு மாமா, நீங்கதான் எக்கி வைக்கணும்" என்றான், சிரித்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் தரையில் கிடந்தான். உபவாச மயக்கம் என்றார்கள். ஆட்டோக்காரர் வீரபத்திரன் மட்டும், "சாமி, புள்ள மூஞ்சி வெளுத்துக்கினே போவுது, பேச்சு குடுத்துக்கினே வாங்க" என்று ஆஸ்பத்திரிக்கு விரட்டி ஓட்டினார். எனக்குப் பேச எதுவும் தோன்றாமல் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டேன், பாதி சொன்னான்.

சென்னையில் டாக்டர் பார்த்துவிட்டு, இருதயத்துக்குள் மின்சாரம் சரியாக இறங்கவில்லை, பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும் என்றார். நீ போனில் சொன்னதும் அதுவே. முழங்கை நீளாதது, கழுத்து மடியாதது, இருதயம் தடுமாறுவது எல்லாம் ஒரே கோளாறு, செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள உறைக்கு முட்டுக் கொடுக்கும் லாமின் என்ற புரதம் பிசகினால், வளரும் தசைச் செல்கள் சரியாகச் சேர்ந்து இழையாவதில்லை, தசை இழுபடும்போது உட்கருவும் நசுங்குகிறது என்றாய். நான் புரிந்துகொண்டது சரிதானா தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் உட்கரு என்று ஒரு வட்டம் போட்டவன் நான், அந்த வட்டத்தின் கோட்டிலேயே ஒரு வியாதி இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி என்றும் நீதான் சொன்னாய். உன் அம்மா சூடாமணியும் வளையல்காரரிடம் கையை முழுக்க நீட்டமாட்டாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்தபடியே உயிரை விட்டாள்.

அப்படியென்றால் நீ? கேட்டால், "தெரிஞ்சுண்டு என்னப்பா பண்ணப்போறேன், எனக்கு ஒண்ணும் இல்லே" என்று போனை வைத்துவிடுகிறாய். ஆய்வுக்கூடத்தில் நீ எலிக்கு ஈசிஜி எடுப்பதை மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். எலிக்கு எடுக்கிறவளுக்கு, தனக்கு எடுத்துக்கொள்ள நேரமில்லை. தம்பிக்கு மட்டும் உத்தரவு போடத் தெரிகிறது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். "அக்கா பாத்துண்டாளா? அவ பாத்துண்டு சொல்லட்டும், அப்பறம் நான் படுக்கறேன்" என்கிறான். வற்புறுத்தப் போனேன், பாதியில் திரும்பிவிட்டேன், அவன் பிடிவாதம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் உயிரை வைத்துப் பேரம் பேசுகிறான், நீ அதற்கு இடம் கொடுக்கிறாய், நடுவில் நான் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை நீ படித்ததில் இந்த வீட்டுக்குக் கிடைத்தது நோயின் பெயர் மட்டும்தான். கடுமையாக எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது, எழுதியதை அடிக்கப் போவதில்லை.

ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் தள்ளக்கூடாது என்கிறார் டாக்டர். அதற்குள் நீ ஈசிஜி எடுத்து, நல்லதோ கெட்டதோ, ஈமெயிலில் அனுப்பு, பிரௌசிங் சென்டருக்குத் தினமும் போய்ப் பார்க்கிறேன். மானஸா கையை நேராக நீட்டுகிறாளா என்றும் எழுது, போனில் கேட்கப் பயமாயிருக்கிறது.

மாப்பிள்ளை ராம்ப்ரஸாதுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு எப்போதும் தீர்க்காயுசு என்று எழுதுவேன். உன் ஈசிஜியைப் பார்க்காமல் அதை எழுத இந்த முறை தைரியம் வரவில்லை, கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,

அப்பா
சக்ரவர்த்தி