மழையில் நனையாத கொமிசன்

கார்த்திகை 4, திங்கள்

காலையில் தூறல். குடையை மறந்து, மருதனார்மடம் சந்தியிலிருந்து வங்கி வரை ஓட்டம்.

என் யோசனை வெள்ளிக்கிழமை பிராந்திய முகாமையாளரிடம் போகிறது! (இனி 'பி.மு.' மட்டும்; முழுதாக எழுதக் கை வலிக்கிறது.) ஆயுள் காப்புறுதி விற்று வங்கிக்குக் கொமிசன் வருகிறது. வெளிநாட்டுக் காசு மாற்றிக் கொடுத்தும் வருகிறது. அந்தத் துணிவில் தோட்டக் கடன் வட்டியைக் குறைக்கலாம். எங்கள் மனேஜர் சிரித்தார்.

"வட்டியைக் குறைச்சால் வங்கி எதிலை உழைக்கிறது பிள்ளை?"

"கொமிசனிலை, சேர்."

"உது நடக்கிற காரியமே?"

நடத்திக் காட்டுகிறேன்.

6, புதன்

உரும்பிராயில் தோட்டம் செய்யும் சிவராணி அக்கா வங்கிக்கு வந்தார். இந்த வட்டிக்குக் கடன் எடுத்து உருளைக்கிழங்கு போட முடியாதாம். குறையாவிட்டால் இந்த முறை தோட்டம் சும்மா கிடக்கும். காப்புறுதிப் படிவத்தை நீட்டினேன்.

"எடுக்கிறன் தங்கச்சி. ஆனால் வெள்ளம் வந்துதெண்டால் கடனும் கட்டமாட்டன், உதுவும் கட்டமாட்டன். ரெண்டுக்கும் ஒரே தோட்டம்தானே?"

ஒரே தோட்டம்! கடன் வட்டியும் காப்புறுதிக் கொமிசனும் இரண்டு வருமானம் என்று துள்ளினேனே, கெட்ட போகத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். வட்டியையும் குறைத்து வைத்திருப்போம். அடியைத் தாங்க ஒன்றும் இராது. முட்டாள் நான்.

பின்னேரம், பஸ்ஸுக்குள்: கனடாக் காசு! அதற்கு மழையோடு என்ன தொடர்பு? வெள்ளமென்றால் அங்குள்ள பிள்ளைகள் இன்னும் கூடத்தான் அனுப்புவார்கள். இணுவிலில் இறங்க மறந்துவிட்டேன்.

7, வியாழன்

வாங்க: பால்மா. அம்மாவின் மருந்துக் குளிசை. புதுக் குடை.

கணக்கு முழுதும் திரும்பப் போட்டாயிற்று. காப்புறுதி வெளியே, வெளிநாட்டுக் காசு மட்டும் உள்ளே. வட்டியில் நான் நினைத்ததில் பாதிதான் குறைக்கலாம். ஆனால் இந்தப் பாதி நிற்கும். நித்திரை வருமென்று தோன்றவில்லை.

8, வெள்ளி

பி.மு.வின் முதல் கேள்வியே, "வெள்ளம் வந்தால்?"

கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். "கனடாக் காசு கூட வரும், சேர்!"

கண்ணாடியைக் கழற்றினார். "மற்றக் கிளையளிலை ஒருத்தரும் காப்புறுதியையும் கனடாக் காசையும் பிரிச்சுப் பாக்கேல்லை."

ஒரு போகத்துக்கு அனுமதி!! மனேஜர் எனக்குச் சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்தார். அவரே காசு கொடுத்து.

உடனே சிவராணி அக்காவுக்குப் போன்.

"வட்டி குறைஞ்சிட்டுது அக்கா. நான் நினைச்சதிலை பாதிதான்."

"பாதி காணும், தோட்டம் போடலாம்; விதைக்கிழங்குக்குச் சொல்லுறன். ஏன் தங்கச்சி, திடீரெண்டு குறைச்சவை?"

கனடாக் காசுக் கதையைச் சொன்னேன்.

"அடி, என்ரை தம்பியும் மாதாமாதம் அனுப்புறானே! மற்ற வங்கியிலையெல்லோ எடுக்கிறனான்."

மற்ற வங்கியிலாம்! அந்தக் காசை எங்கே மாற்றுகிறார் என்று இவ்வளவு நாளும் நான் கேட்கவேயில்லை.