நிற்கிற மரத்தின் வேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் இங்கே சுகம், என் முழங்காலைத் தவிர, அது அப்படித்தான், அதைக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. விவசாய ஆய்வுக்கூடத்தில் புழு எண்ணுகிற வேலையை விட்டுவிட்டு உன் மகள் அங்கே வந்து நீ பார்த்து வைத்திருக்கும் அலுவலக வேலையில் சேர வேண்டும், நான் சொன்னால்தான் கேட்பாள் என்று எழுதியிருந்தாய். சொல்லத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் பேச்சை எடுக்கலாம் என்று உன் கடிதத்தை மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அதற்குள் உன் தம்பி தோட்டத்தில் வாழை விழுந்துவிட்டது.

ஒன்றிரண்டு இல்லை, பதினொரு மரம், எல்லாம் குலை தள்ளியவை, வேரோடு பெயர்ந்து சாய்ந்து கிடந்தன. அன்றைக்கு அடித்தது ஒரு காற்றா, கொடியில் போட்ட துணிகூடப் பறக்கவில்லை. உன் தம்பி காற்றுதான் என்று சாதித்தான். மீதி மரங்களின் பக்கக் கன்றுகளைத் தோண்டிக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக வாழை போடப் போகிறேன், பக்கத்துத் தோட்டக்காரரும் பாதி கேட்டிருக்கிறார், புதன்கிழமை வண்டி வருகிறது என்று நாற்பது கன்றைத் தோண்டிக் குவித்தும்விட்டான். வேரில் நோய் இருந்தால் கன்றோடு அதுவும் போய்விடுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வேர் பார்க்கிற வேலையில் ஒருத்தி நம் வீட்டிலேயே இருக்கிறாளே என்று, விழுந்த மரத்தில் எது ரொம்பக் கறுத்து அழுகியிருந்ததோ அந்த வேராகப் பார்த்து அறுத்து, மூன்று தண்ணீரில் அலசி, பையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். நோய் பார்க்கிறவளுக்கு நோய் முற்றிய இடத்தைத்தானே கொடுக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வந்து, பாட்டி, புழு இருக்கு, ஆனா வாயில ஊசி இல்லை என்றாள். வாழை வேரைத் தாக்குகிற நூற்புழுவுக்கு வாயில் ஊசி இருக்குமாம், அதை வைத்துக் குத்தி உறிஞ்சுமாம். ஊசி இல்லாதது அழுகலில் பிழைக்கிற அப்பாவியாம். அவளுடைய மேலதிகாரி இருபது வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர், கெடுதல் புழு இல்லை, கன்னு எடுக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா என்றாராம். உன் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நான் அப்பவே சொன்னேன்ல, இந்த நோண்டிக்கு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும் என்று சிரித்தான். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவன் வைத்த பெயர், இன்னும் விடவில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. சேர்ந்து ஐந்து மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பெரியவர் சொல்லி இவள் மறுக்கிறாளே என்று எனக்குக் கவலை.

ஞாயிற்றுக்கிழமை அவளே தோட்டத்துக்குக் கிளம்பினாள். வேரை எந்த மரத்தில் எடுத்தே என்று கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். செத்த வேர்ல ஊசிப் புழுவுக்கு என்ன பாட்டி இருக்கு சாப்பிட, எப்பவோ பக்கத்து மரத்துக்குக் குடி போயிருக்கும், மிச்சம் இருந்ததையும் நீ குளிப்பாட்டி அனுப்பிட்டே என்றாள். விழுந்ததற்குப் பக்கத்தில் ஜம்மென்று நின்ற மரத்தடியில் தோண்டி, தடித்த வெளிறிய வேர் ஒன்றை எடுத்து பிளேடால் நீளவாக்கில் பிளந்தாள். வெள்ளைச் சதைக்குள்ளே செங்கல் நிறத்தில் புண் மாதிரி கோடு கோடாக ஓடியிருந்தது. உன் தம்பி சிரிப்பு அதோடு நின்றது. நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது, ஆளை நேர்ல பார்க்கணும் மாமா, ரெண்டு நாள் பொறுங்க என்றாள்.

செவ்வாய்க்கிழமை என்னையும் உன் தம்பியையும் அவள் வேலை செய்கிற அறைக்கு அழைத்துப் போனாள். சின்ன அறைதான், ஜன்னலை ஒட்டி நீள மேசை, சொட்டுகிற குழாய், மேசையில் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் சல்லடை, அதன் மேல் மெல்லிய காகிதம், காகிதத்தில் பொடியாக நறுக்கிய வேர், அடியில் தண்ணீர். உயிருள்ள புழு தானாகக் காகிதத்தைத் துளைத்துக் கீழே இறங்குமாம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவிக்குக் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. அப்புறம் பார்த்தேன். கண்ணாடி நூல் மாதிரி ஒன்று நெளிகிறது, வாய்க்குள் குண்டூசி, கொண்டையோடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் பொறுமையாக அடையாளம் சொன்னாள். ஊசி உள்ளதிலும் பல ஜாதியாம். பெண் புழுவுக்கு முட்டை வாசல் நடு உடம்பில் இருந்தால் இது, வால் பக்கம் இருந்தால் வேறு. ஆணுக்குத் தலை குமிழ் மாதிரி, ஊசி இருந்தும் இல்லாத மாதிரி. இது வேரைக் குடைகிற நூற்புழு, சந்தேகமே இல்லை என்றாள். தலைமயிரைவிட மெல்லிசான ஒன்றுக்கு வாசல் எங்கே என்று பார்க்கிறாளே, நான் பெற்ற பெண்ணின் பெண்!

மேலதிகாரி வந்து குனிந்தார், நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். நான் சொன்னபடி எழுதியிருந்தா நாளைக்கே கன்னோட இந்தப் புழுவும் ரெண்டு தோட்டத்துக்குப் போயிருக்கும், நீ பிடிவாதமா இருந்தது நல்லதாப் போச்சும்மா என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். பெரிய மனுஷர். உன் தம்பி வெளியே போய்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு போன் போட்டு, நாளைக்கு வண்டி வேண்டாங்க, எங்க நோண்டி கன்னு எடுக்கக் கூடாதுன்னுட்டா என்றான். அதே பெயர்தான், ஆனால் அவன் சொன்ன தோரணையை நீ கேட்டிருக்க வேண்டும். நாற்பது கன்றையும் அவனே அழித்துவிட்டான்.

உன் கடிதம் மாத்திரை டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. அவளிடம் காட்டவில்லை. பெற்றவள் நீ, கூப்பிட உனக்கு உரிமை இருக்கிறது, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அடுத்த தடவை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதை விட்டுவிட்டு, அந்தப் புழுவை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே. அதற்குப் பிறகும் வேலையை விடச் சொல்ல உனக்கு வாய் வந்தால் நீயே சொல். எனக்கு வரவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளையை ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடச் சொல். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
புழுவின் வாயில் ஊசியைக் கண்ணால் பார்த்த
உன் அம்மா