நீங்கள் ஏறி நின்று முறுக்கிய நட்டு

என் செல்ல வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் உங்களோடு ஒரு சண்டை போட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். கார்ச் சக்கரத்து நட்டை ஏன் வாப்பா அப்படி முறுக்கினீர்கள்? மனுஷன் முறுக்குகிற முறுக்கா அது? கருங்குளம் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, உச்சி வெயிலில் ரோட்டோரம் மண்டி போட்டுக்கொண்டு நான் உங்களைத் திட்டிய திட்டு உங்கள் கபர் வரைக்கும் கேட்டிருக்கும்.

விஷயத்தைச் சொல்கிறேன். பெரியம்மா மவுத்தாகிவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை, சாத்தான்குளத்தில் தன் வீட்டிலேயே. சுபுஹு தொழுதுவிட்டுச் சற்றுப் படுத்தவர்கள் எழும்பவில்லை. நீங்கள் போன பிறகு உம்மா வெளியே இறங்காமல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்த காலம் முழுக்க, வீடு வாசலை விட்டுவிட்டு மேலப்பாளையத்தில் எங்களோடு கிடந்து, தன் தங்கச்சியான உம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, உருட்டி மிரட்டிச் சாப்பிட வைத்தது அவர்கள்தான். இத்தா முடிந்துதான் ஊருக்கே போனார்கள். போய் நன்றாகத் தூங்கக்கூட இல்லை, பாவம்.

செய்தி சொன்னபோது உம்மா அழவில்லை. "எப்ப எடுக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு எடுப்பார்கள் என்றேன். "அப்ப முகத்தப் பாத்துரலாம்லா?" என்றாள். பார்த்துவிடலாம் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ!

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன அன்று நடந்தது எதுவுமே உங்களுக்குத் தெரியாதே. உம்மா அப்போது ஷார்ஜாவில், என் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போன இடத்தில். எப்படி அடித்துப் பிடித்து வந்தாலும் மறுநாள் ஆகிவிடும். மையத்தை அவ்வளவு நேரம் வைத்திருக்கக் கூடாது என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? கடைசியில் நான்தான் போனில் வீடியோ போட்டு உங்கள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

உம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஏளா, படம் நின்னுபோச்சு. அசையவே மாட்டேங்கு. கட் பண்ணிட்டு மறுபடி போடு" என்றாள். படம் நிற்கவில்லை வாப்பா. அதை நான் எந்த வாயால் சொல்ல? கட் பண்ணிவிட்டு மறுபடி போட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் முகம் அவளுக்குக் கிடைக்கவில்லை. கூடப் பிறந்த லாத்தா முகமும் கிடைக்காமல் போனால் அவள் எனக்கு மிஞ்ச மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரே எண்ணத்தோடுதான் உங்கள் காரை எடுத்தேன்.

டயர் காற்றுப் போனபோது நான் முதலில் பயப்படவே இல்லை. பின்பக்கம், இடது சக்கரம். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, கற்றுக்கொடுத்தது நீங்கள். "நீ உள்ளயே இரும்மா, இந்தா முடிஞ்சிரும்" என்று சொல்லி, துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு ஸ்பானரை மாட்டி அமுக்கினேன். நட்டு அசையவில்லை. அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. ஒன்றுகூட அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்தச் சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது நீங்கள். உம்மாவைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றக் கிளம்பிய அன்று காலையில்.

என்றைக்கோ நீங்கள் லுங்கி மூட்டையோடு முக்கூடல் ரோட்டில் வந்தபோது, பஞ்சர் கடைக்காரன் சரியாக முறுக்காமல் விட்ட சக்கரம் கழன்று, உங்களுக்கு முன்னாலேயே உருண்டு வயலுக்குள் இறங்கிவிட்டதாமே. அன்றிலிருந்து யார் முறுக்கினாலும் உங்களுக்கு நம்பிக்கை கிடையாது. ஸ்பானரை மாட்டிவிட்டு அதன் மேலேயே ஏறி நிற்பீர்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு குதி. நட்டுக்கு நட்டு அதே குதி. "அப்படி முறுக்கப்படாது பாய், பிறகு கழத்த முடியாது" என்று எதிர்த்த வீட்டு மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார். "கழலாம இருக்கத்தான முறுக்குதேன்!" என்பீர்கள். அன்றைக்கு ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஆட்டம் காணும், உம்மா உள்ளே இருக்கிறாள் என்று இன்னொரு சுற்றும் ஏறி நின்றீர்கள். நான் வாசலில் நின்று சிரித்தேன்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். மழைக்காலம் முழுக்க வண்டி வாசலிலேயே நனைந்தது. உங்கள் குதியோடு துருவும் சேர்ந்துகொண்டது.

நானும் ஏறி நின்றேன். குதித்தேன். கை வைத்து, கால் வைத்து, அல்லாவை அழைத்து, உங்களை அழைத்து, ஒவ்வொன்றாக மூன்று நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு கழன்றது. நாலாவது இம்மி நகரவில்லை. லுஹர் பாங்கு கேட்டு வெகு நேரமாகிவிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து ஸ்பானரில் ஒட்டியது. கருங்குளத்தில் ஆட்டோ கேட்டு போன் போட்டேன், அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றுவிட்டான். சாத்தான்குளத்திலிருந்து வண்டி அனுப்பட்டுமா என்றார் பெரியம்மா மகன் ரஹீம் காக்கா. அது வந்து எங்களை ஏற்றித் திரும்பிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"கொஞ்ச நேரம் வச்சிருங்க காக்கா" என்று கெஞ்சினேன். "எனக்கு மட்டும் ஆசை இல்லியாளா? நேரம் சொல்லியாச்சு. ஊரே வந்து நிக்கி. வெரசா வந்துரப் பாருங்க" என்றார்.

உம்மா கண்ணாடியை இறக்கி, "என்னளா, கழண்டுட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கும்போதெல்லாம் "இந்தா ஆச்சு" என்றேன். ஒரு கட்டத்தில் சக்கரத்தை எட்டி மிதித்து, "வாப்பா, விடுங்க வாப்பா! உங்க முகத்தத்தான் அவ பாக்கல, இதையாவது பாக்க விடுங்க" என்று கத்திவிட்டேன். வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி என்னையே பார்த்தார். வெட்கம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மீன் வேன் ஒன்று வந்து நின்றது. மணப்பாட்டுக்காரர், சூசை என்று பேர். திருநெல்வேலிக்குப் போகிற லோடு. எங்களுக்கு எதிர்த்திசை. ஐஸ் தண்ணீர் வேனிலிருந்து ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. "என்ன தங்கச்சி, ஒரு நட்டுதான? தள்ளுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தன் பலத்தையெல்லாம் போட்டு ஒரே அமுக்கு. ஸ்பானர் வழுக்கியது, அவர் மல்லாந்து விழுந்தார். எழுந்து பார்த்தால் நட்டின் முனையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. இனி ஸ்பானர் பிடிக்கவே பிடிக்காது.

"மாதாவே, கெடுத்துப்புட்டனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். என்ன அவசரம் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். "உம்மாவக் கூட்டிட்டு வாங்க. வண்டியத் திருப்புதேன். மீன் போனாப் போவுது" என்றார்.

நான் சரியென்று கதவைத் திறக்கப் போனேன். உம்மாவே இறங்கிவிட்டாள். "வேண்டாம்யா. அந்த மீன நம்பி உங்க வீட்டுல உல கொதிக்கும்லா. என் லாத்தா முகத்தப் பாக்க உங்க பிள்ளைகள பட்டினி போடவா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க வாப்பா எப்படி முறுக்கினாங்க?" என்றாள்.

"ஏறி நின்னு."

"பிறகென்ன? அவங்க கனத்துக்கு நீ காணுவியா? எலும்பும் தோலுமா இருக்க. வழி விடு."

சூசை அண்ணாச்சி வேனைக் குடைந்து ஒரு சின்ன அளவுக் குழாய் ஸ்பானரை எடுத்துவந்தார். மழுங்கிய நட்டின் மேல் ஏறாத அதைச் சுத்தியலால் அடித்து அடித்து மாட்டினார். அதன் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கினார். உம்மா செருப்பைக் கழற்றிப் போட்டாள். என் தோளை ஒரு கையாலும் காரின் கூரையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். உங்களைப் போலவே பிஸ்மில்லாஹ் சொன்னாள். குழாயின் நுனியில் ஏறினாள்.

டப்பென்று ஒரு சத்தம். உம்மா என் மேல் விழுந்தாள், நாங்கள் இருவரும் புல்லில் கிடந்தோம். நட்டு கழலவில்லை வாப்பா. உள்ளே இருந்த போல்ட்டே முறிந்து நட்டோடு வந்துவிட்டது. கடைசிவரை உங்கள் முறுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. உம்மா எழுந்து உட்கார்ந்து அந்தத் துண்டைப் பார்த்தாள். "பிடிவாதத்தப் பாரு மனுஷனுக்கு!" என்றாள். அப்புறம்தான் அழுதாள். காலையிலிருந்து அழாத அழுகை.

அழ நேரமில்லை. ஸ்டெப்னியை மாட்டி மிச்சமிருந்த மூன்று நட்டைப் போட்டோம். சூசை அண்ணாச்சி, "பைய போங்க தங்கச்சி, மூணு நட்டுதான் இருக்கு. மாதா பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டுத் தன் வேனுக்கு ஓடினார். நான் ஸ்பானரை எடுத்தேன். முறுக்கினேன், போதாது என்று தோன்றியது. மறுபடி முறுக்கினேன். இன்னும் எவ்வளவு தூரம், உம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு நட்டு வேறு குறைகிறது. பிறகு பார்த்தால் நான் ஸ்பானர் மேல் நின்றுகொண்டிருக்கிறேன் வாப்பா. அவ்வளவு நேரம் எதற்காக உங்களைத் திட்டினேனோ, அதையே செய்துகொண்டு நின்றேன்.

வேகமாக ஓட்டவும் முடியாது, மெதுவாகப் போகவும் மனம் கேட்காது. ஸ்ரீவைகுண்டம், பேய்க்குளம், பனங்காடு, ஒவ்வொரு பள்ளத்திலும் என் உயிர் போய் வந்தது. சாத்தான்குளத்துக்குள் நுழையும்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். பெரியம்மா தெருவுக்குள் திரும்பினால் எதிரே கூட்டம். பெரியம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

நான் பிரேக்கை மிதித்தேன். உம்மா கதவைத் திறந்துகொண்டு நடுத்தெருவில் இறங்கி நின்றாள். முன்னால் தோள் கொடுத்து வந்த ரஹீம் காக்கா அவளைப் பார்த்தார். "இறக்குங்க" என்றார். பின்னாலிருந்து யாரோ, "தூக்குன பிறகு இறக்கப்படாது, தொழுகைக்கு நேரமாச்சு" என்றார்கள். "என் சாச்சி அவங்க மாப்பிள முகத்தையே பாக்கல வே! இறக்குங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே அடங்கிவிட்டது. இறக்கினார்கள். ஆண்கள் விலகித் திரும்பி நின்றுகொண்டார்கள். காக்காவே முகத் துணியை விலக்கினார்.

உம்மா குனிந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் பெரியம்மா காதருகே போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் சேதி சொல்லி அனுப்புகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"லாத்தா, நீ போனதும் அவங்களப் பாப்பல்லா. நான் வந்து சேரலன்னு வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு. அன்னிக்கு போன்ல நல்லாத்தான் தெரிஞ்சாங்க. படம் நின்னுபோச்சுன்னு நாந்தான் சும்மா சொன்னேன்."

வாப்பா, அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்னொரு தடவை உங்களைப் பார்க்கத்தான் மறுபடி போடச் சொல்லியிருக்கிறாள். இத்தனை மாதம் அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. பெரியம்மா அங்கே வந்து சொன்னார்களா? சேதி கிடைத்ததா உங்களுக்கு?

முறிந்த போல்ட்டை மாற்றியாயிற்று. எதிர்த்த வீட்டு மெக்கானிக் புதிய நட்டைப் போட்டுவிட்டு, "இனிமேயாவது ஏறி நிக்காதீங்கம்மா" என்றார். நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். உம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை என் கால் கேட்காது. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் நாலு சக்கரத்தையும் நானே கழற்றி, துரு தட்டி, மறுபடி மாட்டி வைப்பேன். நான் முறுக்கியது எதுவும் உம்மாவை இனி வழியில் நிறுத்தாது, இன்ஷா அல்லாஹ். அவள் யார் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

நீங்கள் "ஏளா டிரைவரு" என்று கூப்பிடுகிற,
உங்கள் மூத்த மகள்
பாத்துமுத்து