மல்லிகா அக்காவின் ஜன்னல்

வியாழன், ஜூலை 9

சேலையூர் காலனிக்காக நான் வரைந்த சமூகக்கூடத்தின் பிளானை இன்று சங்கக் கூட்டத்தில் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். விசேஷங்களுக்குச் சமைக்கும் மல்லிகா அக்கா மட்டும் கேட்டார்: "சமையக்கட்டு பின்னாடி கீதே, மேடம். தாலி கட்றத நாங்க எப்டி பாக்கறது?"

இருபது வருடமாகச் சமைக்கிறவர், ஒரு முகூர்த்தம்கூடப் பார்த்ததில்லையாம். அந்தப் பிளான் என் ஒரு மாத உழைப்பு.

பென்சிலை எடுத்தேன். சமையலறையை மேடைக்குப் பக்கத்தில் நகர்த்தி, நடுச்சுவரில் அகலமாக ஒரு ஜன்னல் வரைந்தேன்.

"புகை வருமேம்மா?" என்றார் சங்கத் தலைவர்.

"புகை மேல போவட்டும் சார், நாங்க கீழ நின்னு பாக்கறோம்," என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

புகைபோக்கிக்கு எங்கே இடம் விடுவதென்று இன்னும் தெரியவில்லை. ஜன்னலின் உயரம் மட்டும் தெரியும். அக்காவை நிற்கவைத்து அளந்துகொண்டு வந்துவிட்டேன்.